ரூட் 66-க்கு வரப்போகும் பட்டமும் மோட்டலில் போடும் பணமும்

கேள்வி: டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறோம். கணவர், நான் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். வருமானம் சேர்ந்து ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்குச் சற்று மேல். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு. என் கொழுந்தனாரின் நண்பர் ஒருவர் ஓக்லஹோமாவில் பழைய ரூட் 66 சாலையில் 24 அறைகள் கொண்ட ஒரு பழங்கால மோட்டலை வாங்க ஆள் சேர்க்கிறார். விலை 12 லட்சம் டாலர், புதுப்பிக்க 6 லட்சம். ஒரு பங்கு 50,000 டாலர். ரூட் 66-ஐ தேசிய வரலாற்றுத் தடமாக அறிவிக்கும் மசோதா காங்கிரஸில் இருக்கிறது, அது நிறைவேறியதும் சாலையோரச் சொத்தெல்லாம் இரண்டு மடங்காகும், அரசே டாக்ஸ் கிரெடிட்டும் (கட்ட வேண்டிய வரியிலேயே நேரடிக் கழிவு) தருகிறது என்கிறார். என் கணவரோ அதற்கு நேர்மாறாக, அரசு பட்டம் கொடுத்தால் நிலத்தையே எடுத்துக்கொள்ளும், சுவரில் ஆணி அடிக்கக்கூட விட மாட்டார்கள் என்று பயப்படுகிறார். பணத்தை வீட்டின் மேல் உள்ள ஹெலாக் கடனிலிருந்து எடுக்கலாம் என்று யோசனை. போடலாமா? மோட்டல் வேண்டாமென்றால், இந்தச் சட்டத்தால் ஏறக்கூடிய பங்கு ஏதாவது உண்டா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் அனுப்பிய விளக்கக் கையேட்டைக் கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்து வரை படித்தேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் திட்டத்தில், இந்தக் கணக்கில், அதுவும் ஹெலாக் எடுத்து, வேண்டாம். மசோதா நிறைவேறினாலும் வேண்டாம். மோட்டல் தொழிலோ ரூட் 66-ஓ மோசம் என்பதால் சொல்லவில்லை. அந்தச் சாலையில் நல்ல மோட்டல்களை நடத்தி நன்றாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் அதில் நிறைய. ஆனால் அந்த மசோதா செய்யாத ஒரு வேலையை அது செய்துவிடும் என்று உங்கள் கையேடு எண்ணி, அந்த எண்ணத்தின் மேல் விலையைக் கட்டியிருக்கிறது.

சட்டம் என்ன செய்யும் என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் தேசியத் தடங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1968-இல் வந்தது. அப்போது அதில் இருந்தவை அப்பலாச்சியன் தடம், பசிபிக் கிரெஸ்ட் தடம் போன்ற இயற்கை எழில் நடைபாதைகள்தான். ‘வரலாற்றுத் தடம்’ என்ற வகை 1978-இல் சேர்ந்தது. ஓரிகன், மோர்மன் முன்னோடிகள், லூயிஸ்–கிளார்க், அலாஸ்காவின் இடிட்டராட் ஆகிய நான்கும் முதல் வரிசை. இன்று 21 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தொடர்ச்சியான பாதை என்று ஒன்றைக் காலால் நடந்துவிட முடியாது. வரைபடத்தில் ஒரு கோடு, வழியில் அடையாளப் பலகைகள், சில அருங்காட்சியகங்கள், சில தகவல் மையங்கள், பின்னணியில் தேசியப் பூங்காத் துறையின் ஒரு சிறிய அலுவலகம். அவ்வளவுதான் பெரும்பாலும்.

இதில் உங்கள் கணவரின் பயம் பெரும்பாலும் வீண். இந்த வகைச் சட்டங்களில், கூட்டரசு ஏற்கெனவே நிர்வகிக்கும் எல்லைக்கு வெளியே உரிமையாளர் சம்மதமில்லாமல் நிலம் எடுக்கக் கூடாது என்ற வாசகம் வழக்கமாகவே இருக்கும். பல பழைய தடங்களுக்கு வெளி நிலத்தை வாங்கும் அதிகாரமே இல்லாமல்தான் இருந்தது. விற்க விரும்புகிறவரிடம் மட்டும் வாங்கலாம் என்ற அனுமதியே ஓரிகன், லூயிஸ்–கிளார்க் போன்ற தடங்களுக்கு 2009-இல்தான் கிடைத்தது. தனியார் இடம் ஒன்று தடத்தின் அங்கீகரிக்கப்பட்ட இடமாகச் சேர வேண்டுமானால் அதுவும் உரிமையாளரின் விருப்பம். சுவரில் ஆணி அடிக்க வாஷிங்டனில் யாரும் அனுமதி கேட்கச் சொல்வதில்லை. கட்டுப்பாடு எங்கிருந்தாவது வருமென்றால் அந்த ஊர் நகராட்சியின் வரலாற்றுப் பகுதி விதியிலிருந்து வரும், அல்லது நீங்களாகவே அரசிடம் மானியமோ வரிச் சலுகையோ வாங்கும்போது அதன் நிபந்தனையாக வரும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். தடங்கள் சட்டத்தில் 1983-இல் ஒரு திருத்தம் வந்தது: கைவிடப்படும் ரயில் பாதையை எதிர்கால ரயிலுக்காக ஒதுக்கிவைத்து, இடைக்காலத்தில் நடைபாதையாக்கலாம் என்று. ரயில் போனதும் நிலம் தங்களுக்குத் திரும்பும் என்று காத்திருந்த பக்கத்து நிலக்காரர்களுக்கு அது திரும்பவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்தம் செல்லும், ஆனால் நிலக்காரர்கள் அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்று 1990-இல் தீர்ப்பானது. பழைய ரூட் 66 பல இடங்களில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. அதனால் மோட்டலின் பின்புறம் பழைய ரயில் உரிமை ஏதாவது இருக்கிறதா என்று டைட்டில் ஆவணத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. வரலாற்றுத் தடப் பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பயம் வீண் என்றால் ஆசை? எந்தக் காரணத்தால் பயம் வீணோ, அதே காரணத்தால் ஆசையும் வீண். உரிமையாளரிடமிருந்து எதையும் எடுக்காத சட்டம் உரிமையாளருக்கு எதையும் கொடுப்பதும் இல்லை. பட்டம் வந்த மறுநாள் உங்கள் மோட்டலின் சொத்து வரி, வட்டி, காப்பீட்டுப் பிரீமியம், அறை வாடகை எதுவும் மாறாது. இன்னொன்றையும் யோசியுங்கள். 2018-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா, 1926 முதல் 1985 வரை ரூட் 66 எந்தெந்த வழியாகப் போனதோ அத்தனை வழிகளையும் தடமாகச் சேர்த்தது. சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை 8 மாநிலங்கள், சுமார் 2,400 மைல். அந்தப் பலகை உங்கள் வாசலில் மட்டும் வந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. வழி நெடுக எல்லோர் வாசலிலும் வந்தால், பக்கத்து ஊர் மோட்டலைவிட உங்கள் மோட்டலுக்கு என்ன கூடுதல்?

அந்த 2018 மசோதா செனட்டைத் தாண்டவில்லை. காங்கிரஸின் இரண்டாண்டுக் காலம் முடிந்ததும் நிலுவையில் உள்ள மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகும். புதிய காங்கிரஸில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த மசோதாவும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வருகிறது. யாரும் கடுமையாக எதிர்ப்பதில்லை, யாருக்கும் அவசரமும் இல்லை. இந்த ரகச் சட்டங்கள் தனியாக நிறைவேறுவதைவிட ஏதாவது ஒரு பெரிய மூட்டைச் சட்டத்தில் ஏறிக்கொண்டு நிறைவேறுவதே வழக்கம், அந்த மூட்டை எப்போது கட்டப்படும் என்று செனட்டர்களுக்கே தெரியாது. பட்டர்ஃபீல்ட் ஓவர்லேண்ட் தடத்தைப் பாருங்கள். ஆய்வு செய்ய 2009-இல் அனுமதி, ஆய்வு முடிந்தது 2018-இல், சட்டமானது 2023 ஜனவரியில். உங்கள் நண்பரின் திட்டம் ஐந்தாண்டில் விற்று வெளியேறுவது. பதினான்கு ஆண்டு எடுக்கக்கூடிய ஒன்றை ஐந்தாண்டுக் கணக்கில் லாபமாக எழுதியிருக்கிறார்.

பட்டம் கிடைத்த ஊர்கள் எப்படி இருக்கின்றன? அலபாமாவின் செல்மாவைச் சொல்கிறேன். 1965-இல் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கும் ஆயிரக்கணக்கானோரும் மாண்ட்கோமரி வரை நடந்த 54 மைல், 1996-இலேயே தேசிய வரலாற்றுத் தடமானது. எட்மண்ட் பெட்டஸ் பாலத்தை அறியாத அமெரிக்கர் குறைவு. குடியரசுத் தலைவர்களே வந்து நடக்கும் பாலம் அது. இதைவிடக் கனமான வரலாறு வேறெந்தத் தடத்துக்கு உண்டு? ஆனால் அந்த ஊரின் மக்கள்தொகை 2000 கணக்கெடுப்பில் 20,512, 2020-இல் 17,971. வேலை இல்லாத ஊரை விட்டு மக்கள் போகிறார்கள்; வருகிறவர்கள் பாலத்தில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு, இரவு தங்க மாண்ட்கோமரிக்கோ பர்மிங்காமுக்கோ போய்விடுகிறார்கள். தடத்தால் செல்மா கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தடம் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகக்கூட இருந்திருக்கலாம். சொத்து விலையைத் தூக்கி நிறுத்தும் பலம் அந்தப் பட்டத்துக்கு இல்லை என்பது மட்டும்தான் என் வாதம்.

இன்னொரு பக்கம், பட்டமே இல்லாமல் பிழைத்த ஊரும் ரூட் 66-இலேயே இருக்கிறது. அரிசோனாவின் செலிக்மன். 1978-இல் ஊரைச் சுற்றிப் போகும் இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலை திறந்ததும் அந்த ஊர் வழியாக வண்டி போவது ஒரே நாளில் நின்றது. ஏஞ்சல் டெல்காடிலோ என்ற முடிதிருத்துபவர் 1987-இல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். மாநில அரசை நச்சரித்து, அதே ஆண்டிலேயே செலிக்மன் முதல் கிங்மன் வரையுள்ள துண்டுக்கு ‘வரலாற்று ரூட் 66’ என்ற பலகையை வாங்கினார். இன்று பேருந்து பேருந்தாக வெளிநாட்டுப் பயணிகள் அங்கே இறங்குகிறார்கள். பலகை என்னவோ மாநில அரசு வைத்ததுதான். கூட்டத்தைக் கொண்டுவந்தது கடைக்காரர்கள் பல்லாண்டுகள் சலிக்காமல் வாசலில் நின்றது. உங்கள் கையேட்டில் அப்படி வாசலில் நிற்கப் போவது யார் என்று தேடினேன். ‘அனுபவமிக்க மூன்றாம் தரப்பு நிர்வாக நிறுவனம்’ என்று ஒரு வரி இருக்கிறது. பெயர் இல்லை.

மொத்தமாக இந்தச் சாலையில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2011-இல் ரூட் 66-இன் பொருளாதாரத் தாக்கத்தைக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சுமார் 13.2 கோடி டாலர். அதில் சுற்றுலாப் பயணிகள் செலவழிப்பது சுமார் 3.8 கோடி. மீதி, ஊர் மையத் தெருக்களைப் புதுப்பிக்கும் செலவும் அருங்காட்சியகங்களின் செலவும். 3.8 கோடியை 2,400 மைலுக்குப் பங்கிட்டால் மைலுக்கு ஆண்டுக்கு 16,000 டாலர்கூட வராது. விலைவாசி ஏறிவிட்டது, அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், மூன்று மடங்கே ஆக்குங்கள். அதையும் பெட்ரோல் பங்க், உணவகம், பரிசுப்பொருள் கடை, மோட்டல் எல்லாம் பிரித்துக்கொள்ள வேண்டும். சில ஊர்களில் குவிந்து பல ஊர்களில் ஒன்றுமே இல்லாமல்தான் அது பிரியும். நியூ மெக்சிகோவின் டுகம்காரியில் நீல நியான் வெளிச்சத்தில் நிற்கும் பழைய புளூ ஸ்வாலோ மோட்டலைத் தேடிப் போகிறவர்கள் அந்த மோட்டலுக்காகவே போகிறார்கள். உங்கள் மோட்டல் அப்படிப்பட்டதா என்பதே கேள்வி.

இனி கையேட்டின் கணக்கு.

24 அறை என்றால் ஆண்டுக்கு 8,760 அறை-இரவுகள். இப்போது பாதி நிரம்புகிறது, சராசரி வாடகை 90 டாலர் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வருமானம் 3,94,200. செலவு 70 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 1,18,000. 12 லட்சம் விலைக்கு இது பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய சிறு ஊர் மோட்டலுக்கு இது நியாயமான விலைதான், குறை சொல்ல மாட்டேன். அடுத்து ஐந்தாம் ஆண்டு வருகிறது. 70 சதவீதம் நிரம்புமாம், வாடகை 120 டாலராம். வருமானம் 7,35,840, மிச்சம் 2,20,000, அதை 9 சதவீத கேப் ரேட்டில் (ஆண்டு மிச்சம் சொத்து விலையில் எத்தனை சதவீதம் என்ற விகிதம்) மதிப்பிட்டால் 24.5 லட்சம். ‘இரண்டு மடங்கு’ வந்தது இப்படித்தான். ஆனால் அது வாங்கிய 12 லட்சத்துக்கு இரண்டு மடங்கு. புதுப்பிக்கும் 6 லட்சத்தையும் சேர்த்தால் முதலீட்டாளர்களும் வங்கியும் போட்டது 18 லட்சம். எல்லாம் அவர்கள் சொன்னபடியே நடந்தாலும் விலை ஏற்றம் 36 சதவீதம்தான், அதுவும் விற்பனைச் செலவு, நண்பரின் வாங்கும் கட்டணம், நிர்வாகக் கட்டணம், லாபத்தில் அவருக்கான 30 சதவீதம் இவற்றுக்கு முன்.

நான் என் பங்குக்கு 55 சதவீதம், 100 டாலர் என்று போட்டுப் பார்த்தேன். மோசமான கணிப்பு இல்லை. இன்றைவிட நல்ல நிலைமை. வருமானம் 4,81,800, மிச்சம் சுமார் 1,44,500, அதே 9 சதவீதத்தில் மதிப்பு 16 லட்சம். போட்ட 18 லட்சம் திரும்பவில்லை. ஆக, லாபம் நஷ்டம் எல்லாம் எத்தனை அறை நிரம்பும், என்ன வாடகை கிடைக்கும் என்ற இரண்டே எண்களில் தொங்குகிறது. அந்த எண்கள் ஏன் ஏறும் என்பதற்கு அவர்கள் தரும் ஒரே காரணம் மசோதா.

2026 பற்றியும் எச்சரிக்க வேண்டும். ரூட் 66 பிறந்தது 1926 நவம்பரில். 2026 அதன் நூற்றாண்டு. 2020 டிசம்பரிலேயே அதற்கு ஓர் ஆணையம் அமைக்கும் சட்டமும் வந்தது. விழா, கார் ஊர்வலம், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து அந்த ஓர் ஆண்டு வசூல் தூக்கலாகத்தான் இருக்கும். அந்த வசூலைக் காட்டி விற்க வருகிறவரிடம் 2023, 2024 கணக்கையும், மாநிலத்துக்குக் கட்டிய விற்பனை வரி ரசீதுகளையும் சேர்த்துக் கேளுங்கள். திருவிழா அன்று கடைத்தெருவைப் பார்த்துக் கடை வாடகையைப் பேசக் கூடாது.

டாக்ஸ் கிரெடிட் விஷயத்தில்தான் கையேடு பெரிதாகத் தவறுகிறது. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

வரலாற்றுக் கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் கூட்டரசு வருமான வரியில் கிரெடிட் உண்டு. உண்மை. 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு அது ஒரே ஆண்டில் கிடைப்பதில்லை, ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கிடைக்கும். ஆனால் இதற்கும் தடப் பட்டத்துக்கும் தொடர்பே இல்லை. கட்டடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது பதிவான வரலாற்றுப் பகுதிக்குள் அதன் வரலாற்றுக்குப் பங்களிக்கும் கட்டடமாக இருக்க வேண்டும். வேலையைத் தேசியப் பூங்காத் துறை ஏற்றுச் சான்றளிக்க வேண்டும். ரூட் 66-இல் எத்தனையோ மோட்டல்கள் மசோதா இல்லாமலேயே பதிவேட்டில் இருக்கின்றன. உங்கள் மோட்டல் இருக்கிறதா? கையேடு ‘தகுதி பெற வாய்ப்புள்ளது’ என்கிறது. அப்படியென்றால் இன்னும் இல்லை.

அடுத்து, ‘கணிசமான புதுப்பிப்பு’ என்ற சோதனை. பொதுவாக 24 மாதங்களுக்குள் புதுப்பிக்கும் செலவு, கட்டடத்தின் வரி அடிப்படை மதிப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு அந்த மதிப்பு, வாங்கிய விலையில் நிலத்தைக் கழித்தது. கையேட்டில் நிலம் 2 லட்சம், கட்டடம் 10 லட்சம். புதுப்பிப்புச் செலவோ 6 லட்சம். பத்தை ஆறு தாண்டாது. கிரெடிட் 1,20,000 டாலர் என்று அவர்கள் அச்சடித்திருக்கும் இடத்தில் வர வேண்டிய எண் பூஜ்யம். அந்த 6 லட்சத்திலும் வண்டி நிறுத்துமிடத்துக்குத் தார் போடுவது, புதிதாகக் கட்டும் கட்டடம் போன்றவை கிரெடிட்டில் சேராது.

சோதனையைத் தாண்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்குக் கிடைக்காது. மோட்டலை நடத்தாமல் பணம் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த கிரெடிட்டைச் சம்பள வருமானத்தின் வரியில் கழித்துக்கொள்ள ஓர் எல்லை உண்டு. சரிசெய்த வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கி, இரண்டரை லட்சத்தில் முழுவதும் போய்விடும். பிறகு அது எதிர்காலத்துக்கு ஒதுங்கிக் காத்திருக்கும்; இதே ரகச் செயலற்ற வருமானம், அதாவது நீங்கள் நேரடியாக உழைக்காமல் முதலீட்டுத் தொழிலிலிருந்து வரும் லாபம், வரும்போதுதான் பயன்படும். இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தகைய தனியார் திட்டங்களில் பெரும்பாலும் ‘அக்ரெடிட்டட்’ முதலீட்டாளர்களை, அதாவது சட்டம் சொல்லும் வருமான அல்லது சொத்துத் தகுதி உள்ளவர்களைத்தான் சேர்ப்பார்கள். வருமான வழியில் அந்தத் தகுதி பெறத் தம்பதிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் வேண்டும். உள்ளே வரத் தேவையான வருமானமே கிரெடிட்டை இல்லாமல் ஆக்குகிறது. எந்த ஊரிலும் கல்யாண மண்டபத்தில் சம்பளக்காரர்களை உட்காரவைத்து டாக்ஸ் கிரெடிட் ஸ்லைடு காட்டும் கூட்டங்களில் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகத் தள்ளிவிடுவார்கள்.

ஓக்லஹோமா மாநிலத்தின் தனி 20 சதவீத கிரெடிட் வேறு; அதை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியும் என்பதால் அதற்கு ரொக்க மதிப்பு உண்டு. ஆனால் கூட்டரசு கிரெடிட்டுக்குத் தகுதியானால்தான் அதுவும். மானியம்? 1999 சட்டப்படி ரூட் 66 பாதுகாப்புக்காகத் தேசியப் பூங்காத் துறை ஒரு திட்டம் நடத்தியது. செலவைப் பகிர்ந்துகொள்ளும் சிறு மானியங்கள் தந்தது. பத்தாண்டுக்குத் தொடங்கி 2019 வரை நீட்டிக்கப்பட்டது. அதில் பல பழைய நியான் பலகைகள் மறுபடி எரிந்தன. நல்ல காரியம். ஒரு நியான் பலகைக்கான பணத்தை வைத்து 18 லட்சம் டாலர் முதலீட்டை நியாயப்படுத்த முடியாது.

பங்குச் சந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த மசோதாவால் ஏறக்கூடிய பங்கு என்று ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. பட்டியலிட்ட ஹோட்டல் ரீட்கள் (பலரின் பணத்தில் கட்டடங்களை வாங்கி நடத்தும் சொத்து நிறுவனங்கள்) பெருநகர, விமான நிலைய, கடற்கரை விடுதிகளை வைத்திருப்பவை. ஓக்லஹோமாவின் 24 அறை அவற்றின் கண்ணில் படாது. தடங்கள் சட்டத்தால் உண்மையாகவே பெரும்பணம் ஆடிய இடம் ஒன்று உண்டு, அது சுற்றுலாவில் இல்லை, குழாய்களில்.

டொமினியன், டியூக் என்ற இரண்டு மின் நிறுவனங்கள் அட்லாண்டிக் கோஸ்ட் பைப்லைன் என்று 600 மைல் எரிவாயுக் குழாய் போடத் திட்டமிட்டன. வர்ஜீனியாவில் ஒரு வனப் பகுதியில் அப்பலாச்சியன் தடத்துக்கு 600 அடி கீழே அது கடக்க வேண்டியிருந்தது. தடத்தை நிர்வகிப்பது தேசியப் பூங்காத் துறை, ஆகவே அந்த நிலம் பூங்கா நிலம், வனத்துறை அனுமதி தர முடியாது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7–2 என்று அதை மாற்றியது. தடம் என்பது நிலத்தின் மேல் செல்லும் வழி உரிமை மட்டும், அடியில் உள்ள நிலம் வனத்துறையின் நிலமாகவே இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் மோட்டலுக்கும் பொருந்தும் வரி அது: கோடு வேறு, நிலம் வேறு. நிறுவனங்கள் வழக்கில் ஜெயித்தன. மூன்று வாரத்தில் திட்டத்தையே கைவிட்டன. ஐந்து பில்லியன் டாலருக்குள் முடியும் என்று தொடங்கியது இழுபறியில் எட்டு பில்லியனாகியிருந்தது, வேறு அனுமதிகளிலும் வழக்குகள் காத்திருந்தன. மறுநாள் சந்தையில் டொமினியன் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதே அறிவிப்பில் எரிவாயுப் பிரிவை பெர்க்ஷயர் ஹாத்வேக்கு விற்பதும் டிவிடெண்டைக் குறைப்பதும் இருந்ததால் முழுப் பழியையும் தடத்தின் மேல் போட முடியாது. தடச் சட்டங்கள் சந்தையைத் தொட்டால் இப்படித்தான் தொடும்: யாருக்கோ தாமதமாக, வழக்குச் செலவாக. அதை முன்கூட்டியே ஊகித்துப் பங்கு வாங்குவது நீங்களும் நானும் செய்யக்கூடிய வேலை இல்லை.

ஹெலாக் விஷயம். அது மாறும் வட்டிக் கடன், ஈடு உங்கள் வீடு. அந்தப் பக்கம் மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும்; இந்தப் பக்கம் முதல் 18 மாதம் புதுப்பிப்பு வேலை, பங்குதாரர்களுக்கு ஒரு காசும் இல்லை என்று கையேடே சொல்கிறது. பங்கை இடையில் விற்க வழியில்லை. கூடுதல் பணம் கேட்கும் உரிமையும் நிர்வாகிக்கு உண்டு, அது அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. பையன் ஒன்பதாம் வகுப்பு. நான்கு ஆண்டில் கல்லூரிக் கட்டணம் வரும், இந்தப் பணம் சீக்கிரம் வந்தால் ஐந்தாம் ஆண்டு வரும். வேறு சேமிப்பிலிருந்து, போனாலும் குடும்பம் அசையாத தொகை என்றிருந்தால் என் பதிலின் சூடு கொஞ்சம் குறைந்திருக்கும். அப்போதும் அந்த ஐந்தாம் ஆண்டு எண்களுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ரூட் 66 மேல் உங்களுக்கே ஆசை இருந்தால், ஒரு விடுமுறையில் டல்ஸாவிலிருந்து ஓக்லஹோமா சிட்டி வரை பழைய சாலையிலேயே போய், அந்த மோட்டலில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தங்கிப் பாருங்கள். சனிக்கிழமை வேண்டாம். வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணினாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

கடைசியாக, கேட்க வேண்டிய ஆவணங்கள். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கும் விற்பனை வரி ரசீதும். மோட்டல் தேசியப் பதிவேட்டில் இருப்பதற்கான ஆதாரம். வங்கிக் கடனின் நிபந்தனைக் கடிதம். ஏற்கெனவே பணம் வாங்கியிருக்கிறார்கள் என்றால், முதல் விற்பனையிலிருந்து 15 நாளுக்குள் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி.யில் ‘ஃபார்ம் டி’ என்ற அறிவிப்புப் படிவத்தைப் பதிந்திருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பதிந்திருப்பது அரசு அங்கீகாரம் ஆகாது, ‘எஸ்.இ.சி.யில் பதிவு செய்தது’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள்.

கொழுந்தனார் வழியாக வந்ததால் மறுக்கச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. நேரடியாக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டடம் 10 லட்சம், புதுப்பிப்பு 6 லட்சம் என்ற நிலையில் 1,20,000 கிரெடிட் எப்படி வரும் என்று உங்கள் திட்டத்தின் சி.பி.ஏ. (சான்று பெற்ற கணக்காளர்) எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்கட்டும், எங்கள் கணக்காளர் கேட்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். பதில் வரும்வரை டெபாசிட் அனுப்பாதீர்கள். அந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது அவர்களே கையேட்டைத் திருத்த வேண்டியிருக்கும், ஏற்கெனவே பணம் போட்ட மற்றவர்களுக்கும் அது உதவும்.